தங்கத் தட்டும் கோப்பி இலையும்: 1870 கொழும்பு விருந்து பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அரச குடும்பத்து விருந்தாளிக்காக நடத்திய நடன விருந்துகளில் ஆய்வுக்குத் தோதானவை பொதுவாக ஏதாவது பிசகிப்போனவைதான். 1860 அக்டோபர் 12 இரவு, ஒரு காலத்தில் காலனியாக இருந்த நியூயோர்க், விக்டோரியா மகாராணியின் மூத்த மகனுக்கு விருந்து வைத்தது. அழைத்தவர்களோடு அழைக்காதவர்களும் நெருக்கியடித்து வந்ததில் நடனத் தளத்தின் ஒரு பகுதி அப்படியே கீழே இறங்கிவிட்டது. இளவரசர் காத்திருக்க, தச்சர்கள் வந்து சுத்தியலடித்து முட்டுக்கொடுத்த பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. 1867 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவில் இரண்டாவது மகனுக்காகவே மரத்தில் கட்டிய மண்டபம், நடனம் தொடங்குவதற்கு முன்பே எரிந்து சாம்பலானது.

அதே இரண்டாவது மகன் 1870 ஏப்ரலில் கொழும்பில் ஒரு விருந்துக்குப் போனார். எதுவும் இடியவில்லை, எரியவில்லை. சாப்பிட்டார், பாராட்டினார், தன் பெயரை அந்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளச் சம்மதித்தார், கப்பலேறினார். விருந்து என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேசையில் வைத்த தட்டின் பணம் எங்கிருந்து வந்தது, விருந்து வைத்தவர் பதிலுக்கு எதை எதிர்பார்த்தார், கையில் என்ன கிடைத்தது என்று பார்த்துக்கொண்டு போனால், பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் கணக்குப் புத்தகம் ஒன்று கிட்டத்தட்ட முழுசாகக் கிடைக்கிறது. பிசகு இருந்தது. அது மண்டபத்தில் இல்லை, மலையில் இருந்தது.

விருந்தாளி

எடின்பரோ கோமகன் அல்பிரட், 1844 ஆகஸ்ட் 6 பிறப்பு. கொழும்புக்கு வந்தபோது வயது 25. கடற்படைக்காரர். பேருக்கு இல்லை, உண்மையிலேயே கப்பல் ஓட்டியவர். கலட்டியா என்ற போர்க்கப்பலுக்கு அவரே கப்டன். 1862இல் கிரேக்க நாட்டு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இவரைத் தங்கள் அரசராக்கத் தேர்ந்தெடுத்தார்கள். ஐரோப்பிய வல்லரசுகளுக்குள் இருந்த ஒப்பந்தம் இடம்கொடுக்காததால் பிரித்தானியா வேண்டாம் என்றுவிட்டது. கிடைத்த சிம்மாசனத்தைத் தாய் வீடு தட்டிவிட, பையன் கடலைச் சுற்றப் போய்விட்டான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்பத் தப்பில்லை.

இவர் வரும் வழியெல்லாம் பெயர் விட்டுக்கொண்டே வந்தார். கேப் டவுனில் துறைமுகம், அடிலெய்டில் பள்ளிக்கூடம், மெல்பனிலும் சிட்னியிலும் ஆஸ்பத்திரி. அட்லாண்டிக் நடுவில் டிரிஸ்டன் ட குன்யா என்ற தீவில் இருக்கும் ஒரே ஊருக்கு எடின்பரோ என்று இவர் பட்டப்பெயர்தான். சிட்னி ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு தனிக் காரணம் உண்டு. 1868 மார்ச் 12 அன்று சிட்னிக்கு அருகே குளொண்டாஃப் என்ற கடற்கரையில், மாலுமிகள் இல்லத்துக்கு நிதி திரட்ட நடந்த ஒன்றுகூடலில், ஹென்றி ஜேம்ஸ் ஓஃபாரல் என்பவர் பின்னாலிருந்து சுட்டார். குண்டு முதுகெலும்புக்குப் பக்கத்தில் பாய்ந்தது, ஆனால் உயிர் தப்பிவிட்டார். ஓஃபாரலை அடுத்த மாதமே தூக்கிலிட்டார்கள். இளவரசர் பிழைத்ததற்கு நன்றியாக மக்களிடம் திரட்டிய பணத்தில் எழுந்ததுதான் அந்த ஆஸ்பத்திரி.

ஆக, கொழும்புக்கு வந்தவர் கூட்டத்தில் நிற்பது என்றால் என்ன என்று முதுகில் தழும்போடு தெரிந்தவர். ஜப்பானில் மெய்ஜி பேரரசரைப் பார்த்துவிட்டு, 1869 டிசம்பரில் கல்கத்தாவில் இறங்கி இந்தியப் பயணத்தை முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருந்தார். பிரித்தானிய அரச குடும்பத்தில் ஒருவர் இலங்கையில் கால் வைத்தது அதுவே முதல் தடவை. யானை பிடிக்கும் கிராலும் மலைநாட்டு வேட்டையும் நிகழ்ச்சி நிரலில் பெரிய இடத்தைப் பிடித்தன. இது வழக்கம்தான், இலங்கைக்கு வரும் எந்தத் துரைமகனுக்கும் முதலில் யானையைத்தான் காட்டினார்கள். தேசாதிபதி சேர் ஹேர்குலிஸ் ரொபின்சன் தன் பங்குக்கு வேண்டிய மரியாதைகளைச் செய்தார். அதெல்லாம் அரசாங்கச் சடங்கு. நமக்கு வேண்டிய விருந்து அரசாங்க மாளிகையில் நடக்கவில்லை.

வீட்டுக்காரர்

சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா. 1836இல் பிறந்தவர், மொறட்டுவைக் குடும்பம். விருந்து வைத்தபோது வயது 34. அன்றைய இலங்கையர்களில் மிகப் பெரிய பணக்காரர் இவர்தான் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய தகராறு இல்லை.

இந்தப் பணம் பழைய நிலப்பிரபுத்துவப் பணம் அல்ல, இரண்டு தலைமுறைப் பணம். தகப்பனார் ஜெரோனிஸ் டி சொய்சா நாட்டு வைத்தியம் கற்றவர். கண்டிப் பக்கம் வியாபாரத்துக்குப் போனவர், 1830களில் ஹங்குராங்கெத்தையில் இருந்த பழைய கண்டி அரசரின் தோட்டத்தை அரசாங்கம் விற்றபோது துணிந்து வாங்கிக் கோப்பி போட்டார். வெள்ளைக்காரத் துரைமார் மட்டுமே பெரிய தோட்டம் போட்ட காலத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த ஆட்டத்துக்குள் நுழைந்தது சின்னக் காரியமல்ல. 1853இல் அவருக்கு, உள்ளூர்ப் பெரியவர்களுக்கு அரசாங்கம் தரும் முதலியார் பட்டம் கிடைத்தது. அரசாங்க உத்தியோகம் பார்க்காத ஒருவருக்கு, கொடைக்கும் தோட்டத் தொழிலுக்கும் என்று அந்தப் பட்டம் வந்ததை ஊர் கவனித்தது.

இன்னொரு வருமானத்தையும் சொல்லாமல் விட முடியாது: சாராயக் குத்தகை. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலம் விடும். கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரர். அவர் கிளைக் குத்தகை விடுவார், அவர்களிடமிருந்து சாராயக்கடை நடத்தும் தவறணைக்காரர்கள் எடுப்பார்கள். கரையோரத் தென்னந்தோட்டத்துக் கள்ளு வடிசாலையில் சாராயமாகி, மாட்டு வண்டியில் மலையேறும். அங்கே கூலி வாங்கிய கையோடு ஆட்கள் நிற்பார்கள். பாலச் சுங்கம், படகுத்துறைச் சுங்கம் போன்ற குத்தகைகளும் இதே வழிதான். இந்தக் குத்தகைகளில் கைமுதல் சேர்த்து, அதை நிலத்தில் போட்டு மேலே வந்த ஒரு கூட்டமே இருந்தது. டி சொய்சாக்கள் அதில் முன்னணி.

இங்கேதான் சாதியும் வருகிறது. கரையோரச் சிங்களச் சமூகத்தில் தேசாதிபதிக்கு அடுத்தபடி கைகட்டி நின்று பட்டமும் பதவியும் வாங்கியவர்கள் பெரும்பாலும் கொவிகம என்ற உழவர் சாதியின் முதலியார் குடும்பங்கள். வாளும், தங்கச் சரிகைக் கோட்டும், தலையில் ஆமையோட்டுச் சீப்புமாக அரசாங்க மாளிகை வாசலில் நிற்க உரிமை பெற்றவர்கள் அவர்கள். டி சொய்சாக்கள் கராவ என்ற கரையோர மீனவச் சமூகம். பணத்தில் அந்த முதலியார்களை எப்போதோ தாண்டிவிட்டார்கள். வாசலில் நிற்கும் வரிசையில் தாண்டவில்லை.

சரி, வரிசையில் முன்னுக்குப் போக முடியாதவர் என்ன செய்வார்? வரிசையையே தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவார். இந்த விருந்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

வீடு

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலிருந்து உள்ளே, நூறு ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டம். நடுவில் லேயார்டு என்ற பிரித்தானிய அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய பெரிய வீடு. அறைகள் மட்டும் சுமார் நூறு என்பார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் பகட்டெல். பிரெஞ்சுச் சொல், அற்பப் பொருள் என்று அர்த்தம். நூறு அறை வீட்டுக்கு அற்பம் என்று பெயர் வைப்பதில் ஒரு பெரிய இடத்துக் குறும்பு இருக்கிறது. பாரிஸ் பிரபுக்கள் செய்ததைப் பார்த்துச் செய்தது. சிங்கள நாக்கில் அது பகதலே ஆகி, வீடு டி சொய்சா கைக்கு வந்தபோது பகதலே வலவ்வ ஆகியிருந்தது. வலவ்வ என்றால் பெரிய மனிதர் வீடு; நம் வளவோடு உறவுள்ள சொல் என்பார்கள். பிரெஞ்சுக்காரனின் அற்பமும் தமிழனின் வளவும் சிங்களத்தில் கைகோத்து நின்ற இந்தப் பெயர் அழகானது. அதைத்தான் ஒரே இரவில் தூக்கிப்போட்டார்கள்.

மேசை

அந்தக் காலத்துப் பால் என்ற நடன விருந்து எப்படி நடக்கும் என்பது காலனிகள் முழுவதும் ஏறத்தாழ ஒரே அச்சு. வாசலில் வண்டிகள். உள்ளே நுழைந்ததும் பதவி வரிசைப்படி அறிமுகம். முதல் நடனத்தைத் தலைமை விருந்தாளி, இருப்பதில் மிக உயர்ந்த அந்தஸ்துள்ள பெண்மணியோடு தொடங்குவார். பெண்கள் கையில் ஒரு சின்ன அட்டை, நூலில் கட்டிய குட்டிப் பென்சிலோடு; எந்த நடனம் யாரோடு என்று அதில் எழுதிக்கொள்வார்கள். நள்ளிரவையொட்டிச் சாப்பாடு. அதற்குப் பிறகும் ஆட்டம். பார்க்கக் கேளிக்கை. ஆனால் யார் யாருக்கு முன்னால் நடக்கிறார், யார் எந்த மேசையில் உட்காருகிறார் என்று அணு அணுவாக எடைபோடும் இடம் அது. நம் கலியாண வீட்டுப் பந்தியில் முதல் பந்தி, சம்பந்தி பந்தி என்று இருக்கிறதே, அதன் வெள்ளைக்காரப் பதிப்பு.

ஏப்ரல் மாதக் கொழும்பு. சித்திரைப் புழுக்கம். மின்விசிறி என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம். கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சீருடையில் ஆண்கள், பல அடுக்குப் பாவாடைகளில் பெண்கள். கேளிக்கை என்று இதைச் சொல்ல ஒரு தனி மனத்திடம் வேண்டும்.

இந்த இரவைப் பற்றிப் பேசும் யாரும் தவறாமல் சொல்வது ஒரு பொருளைத்தான். இளவரசர் சாப்பிடத் தங்கத்தில் தட்டு, தங்கத்தில் கத்தி, தங்கத்தில் முள்ளுக்கரண்டி. அவற்றில் இரத்தினக் கற்களும் முத்துக்களும் பதித்திருந்தார்கள்.

கொஞ்சம் நின்று இதை யோசித்துப் பாருங்கள். தங்கம் மெத்தென்ற உலோகம். அதில் செய்த கத்தியால் பொரித்த இறைச்சியை அறுப்பது எளிதான வேலை இல்லை. சூட்டை உடனே கடத்தும், ஆகவே சுடச்சுடப் பரிமாறினால் தட்டின் விளிம்பும் சுடும். பிடியில் கல் பதித்த கரண்டி உள்ளங்கையை உறுத்தும். சாப்பிடும் வசதியைப் பார்த்தால் வீட்டில் நாம் வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டே மேல். தலைவாழை இலை அதைவிட மேல்.

ஆனால் இந்தத் தட்டைச் சாப்பிடுவதற்காகச் செய்யவில்லை. தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்ற செய்திக்காகச் செய்தார்கள். செய்தி நன்றாகவே வேலை செய்தது. நூற்றைம்பது வருஷம் கழித்தும் அந்த இரவில் எந்த இசை வாசித்தார்கள், எத்தனை வகைக் கறி என்று யாரும் கேட்பதில்லை. தட்டைப் பற்றித்தான் பேச்சு. தங்கத் தட்டில் சோறு என்பது நம் தாலாட்டுகளிலும் வசைகளிலும் வரும் எல்லைப் பேச்சு. அதை ஒருவர் நிஜமாகவே செய்து மேசையில் வைத்துவிட்டார்.

இன்னொன்று. ஒருவர் சாப்பிட்ட தட்டில் அப்புறம் யார் சாப்பிடுவது? நம் ஊர்க் கணக்கில் அது எச்சில் தட்டு. ஆங்கிலக் கணக்கில் அது நினைவுச் சின்னம். டி சொய்சா குடும்பம் அங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள், ஆங்கிலப் பழக்கவழக்கம் அறிந்தவர்கள். இரண்டு கணக்கும் தெரிந்த ஆள் வைத்த மேசை அது.

மொய்

விருந்தும் ஒரு வகைக் கடன் என்பதைத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மொய் விருந்து வைக்கும் ஊர்களில் வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு எழுத்துக்காரர். வந்தவர் சாப்பிட்டுவிட்டு எழுதிவிட்டுப் போவார். எழுதியது திரும்ப வரும். 1870 விருந்துக்கும் ஒரு மொய் நோட்டு இருந்தது, கண்ணுக்குத் தெரியாத நோட்டு.

வரவுப் பக்கம் முதலில் விழுந்தது பெயர். அனுமதியோடு பகதலே வலவ்வ அல்பிரட் ஹவுஸ் ஆயிற்று. அரச குடும்பத்தவர் ஒருவரை இலங்கையர் ஒருவர் தன் சொந்த வீட்டில் உபசரித்தது அதுவே முதல் என்ற பெருமையும் நிலைத்தது. முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேவகம் செய்து நெருங்கிய இடத்தை, ஒரு மொறட்டுவைக்காரர் ஒரு இராச் சாப்பாட்டில் தொட்டுவிட்டார்.

அதற்குமேல்? சேர் பட்டம் வரவில்லை. நான்கு வருஷம் கழித்து 1874இல் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதி முத்துக் குமாரசுவாமிக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. அவர் லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், ஆங்கிலச் சபைகளில் வாதாடிப் பெயர் வாங்கியவர். தங்கத் தட்டு வைத்தவர் அல்லர். அரசாங்கத்துக்குத் தன் சபையில் பேசத் தெரிந்த ஆளும் வேண்டியிருந்தது, தன் விருந்தினருக்குச் செலவழிக்கும் ஆளும் வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒரே சம்பளம் தரவேண்டும் என்று அது நினைத்ததில்லை.

டி சொய்சா அடுத்து எடுத்த வழிதான் எனக்கு இந்த ஆய்வில் மிகச் சுவையான பகுதி. விருந்து வைத்து வாங்க முடியாததை அவர் கட்டடம் கட்டி வாங்கப் பார்த்தார் என்று ஒருவர் சொல்லலாம். இல்லை, அவர் இயல்பாகவே கொடையாளி, விருந்துதான் விதிவிலக்கு என்று இன்னொருவர் சொல்லலாம். எது எப்படியோ, பட்டியல் நீளமானது. இளவரசர் பெயரில் அல்பிரட் மாதிரிப் பண்ணை என்று ஒரு விவசாயப் பண்ணை. பொரளைப் பக்கம் மொடல் ஃபாம் வீதி என்ற பெயரில் அதன் ஞாபகம் மிச்சம். 1876இல் மொறட்டுவையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இரண்டு கல்லூரிகள். முந்திய வருஷம்தான் அல்பிரட்டின் அண்ணன், வேல்ஸ் இளவரசர், இலங்கை வந்து போயிருந்தார். கல்லூரிகளுக்கு வேல்ஸ் இளவரசர், வேல்ஸ் இளவரசி என்றே பெயர். 1879இல் கொழும்பில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி.

பெயர் வைக்கும் முறையைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. வீட்டுக்கு அல்பிரட், பண்ணைக்கு அல்பிரட், கல்லூரிகளுக்கு வேல்ஸ். பிரசவ ஆஸ்பத்திரிக்கு வரும்போதுதான் டி சொய்சா.

மலை

இந்தத் தட்டுக்குத் தங்கம் வாங்கிய காசுக்கு வருவோம்.

1870இல் இலங்கை என்றால் உலகத்துக்குக் கோப்பி. தேயிலை அல்ல, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பி ஏற்றுமதி வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் அந்தர் (ஓர் அந்தர் ஏறத்தாழ 50 கிலோ). கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் ரயில் ஓடத் தொடங்கியதே இந்த மூட்டைகளுக்காகத்தான், ஆட்களுக்காக இல்லை.

மூட்டை இறங்குவதற்கு ரயில் வந்துவிட்டது. ஆள் ஏறுவதற்கு வரவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்குத் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து, ஆள்பிடித்து வேலை வாங்கும் கங்காணி கூட்டிவருவார். தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து காடு, குளம், மறுபடி காடு என்று மாத்தளைவரை நடை. வழியில் கொலராவும் காய்ச்சலும். வராமல் போனவர்களைப் பதிவு செய்ய ஒரு நோட்டும் இருக்கவில்லை. வந்தவர்களுக்கு முதல் நாளே ஒரு நோட்டு திறந்துவிடும்: வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கங்காணி கணக்கில் கடன். பறிப்பு முடிந்தால் பலர் ஊருக்குத் திரும்பி நடந்தார்கள், சிலர் தங்கினார்கள். தங்கியவர்களின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதி.

இதை டி சொய்சா ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அந்தக் கூலிமுறையை அவர் உண்டாக்கவில்லை, பிரித்தானியத் துரைமாரின் தோட்டங்களே பெரும்பங்கு. கிராமத்துச் சிங்களக் குடியானவர்களும் வீட்டுத் தோட்டத்தில் கோப்பி போட்டார்கள். ஆனால் ஒரு வட்டம் கண்ணில் படாமல் இல்லை. மலையில் கோப்பி பறித்தவன் கையில் விழுந்த பென்ஸ் காசில் ஒரு பங்கு மாலையில் தவறணைக்குப் போயிற்று. தவறணைக் காசு குத்தகைக்காரருக்கு. குத்தகைக் காசு ஒரு பங்கு அரசாங்கக் கஜானாவுக்கு, ஒரு பங்கு இன்னொரு கோப்பித் தோட்டத்துக்கு. அந்தத் தோட்டத்துக்கு மறுபடி ஆள் வேண்டும், கங்காணி மறுபடி தோணி ஏறுவார். அல்பிரட் ஹவுஸ் மேசையின் கீழே இந்தச் சக்கரம் ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

இனி பிசகு. விருந்துக்கு முந்திய வருஷம், 1869இல், மடுல்சீமைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கோப்பி இலைகளில் ஒரு நோய் தென்பட்டது. இலையின் மேற்பக்கம் பார்த்தால் வெளிறிய மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். இலையைத் திருப்பினால் அடியில் செம்மஞ்சள் பொடி. விரலால் தடவினால் விரலில் ஒட்டும், சமையலறை மஞ்சள்தூள் மாதிரி. அந்தப் பொடியில் இலட்சக்கணக்கான வித்துக்கள். காற்று கொண்டுபோகும், ஈர இலையில் விழுந்தால் முளைக்கும். புள்ளிகள் பெருகி இலை உதிரும், கிளை மொட்டையாகும், பழம் முற்றாமல் கருகும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரியைப் பார்த்து, இங்கிலாந்தில் பேர்க்லி என்ற பூஞ்சண நிபுணர் அதே வருஷம் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பின்பாதிக்கு நாசகாரி என்று அர்த்தம். தோட்டத் துரைமார் அதைக் கேலியாக நாசகார எமிலி என்று ஒரு பெண் பெயராக்கிக் கூப்பிட்டார்கள். கேலி செய்ய அப்போது நேரம் இருந்தது.

ஆக, தங்கத் தட்டில் சாப்பாடு நடந்த அந்த ஏப்ரலில், அந்தத் தங்கத்தைத் தந்த செடிக்கு நோய் கண்டு பல மாதங்கள் ஆகியிருந்தன. பெயரும் வைத்தாயிற்று.

யாரும் பயப்படாததற்கு நல்ல காரணம் இருந்தது. விளைச்சல் குறையக் குறைய உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. ஏக்கருக்குக் கிடைக்கும் அந்தர் சரிந்தாலும் கையில் வரும் காசு சரியவில்லை. ஆகவே நோய் பரவிய அதே வருஷங்களில் இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி போட்டார்கள். 1878 அளவில் பரப்பு சுமார் 2,75,000 ஏக்கர்வரை போனது. நோயாளி தேறுகிறார் என்று நினைத்துப் பந்தல் போட்ட கதை. 1880இல் மார்ஷல் வோர்டு என்ற இளம் விஞ்ஞானி வந்து இரண்டு வருஷம் இருந்து, காற்றில் பறக்கும் வித்துக்கள்தான் காரணம், மலை மலையாக ஒரே பயிரை நட்டது அவற்றுக்கு வசதியாகப் போய்விட்டது என்று தெளிவாகக் காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி கவிழ்ந்தது. அதன் நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே திகைத்து நின்றபோது, தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. துரைமார் பலர் கப்பலேறினார்கள். கூலி பாக்கி நின்ற ஆட்கள் வந்த வழியே நடந்தார்கள்.

டி சொய்சா விழவில்லை. அவர் பணம் கோப்பியில் மட்டும் இல்லை. கரையோரத்தில் தென்னை இருந்தது, கறுவா இருந்தது, கொழும்பில் வீடும் நிலமும் இருந்தன. ஒரே பயிரில் எல்லாவற்றையும் போட்ட துரைமாரைவிட, சாராயக் குத்தகை பார்த்து வளர்ந்த குடும்பத்துக்குப் பணத்தைப் பிரித்து வைக்கத் தெரிந்திருந்தது.

பிற்பாடு

சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா 1890இல் காலமானார். இளவரசர் அல்பிரட் 1893இல் ஜெர்மனியில் சக்ஸ்-கோபர்க் சிற்றரசின் கோமகனாகி, 1900இல் இறந்தார். ஒரு கடற்படைக்காரர், கடலே இல்லாத ஒரு ஜெர்மன் சிற்றரசில் முடிந்தார்.

அல்பிரட் ஹவுஸ் தோட்டம் பிள்ளைகளுக்குப் பிரிந்தது. அவர்கள் அதில் தனித்தனி மாளிகைகள் கட்டினார்கள். அவற்றுள் ஒன்று ரெஜினா வலவ்வ, மகன்களில் ஒருவர் மனைவியின் பெயரில் கட்டியது. 1920களின் தொடக்கத்தில் அரசாங்கம் அதை வாங்கி யூனிவர்சிட்டி கொலிஜை அங்கே ஆரம்பித்தது. இன்றும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கொலிஜ் ஹவுஸ் அதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து மெயில் ரயில் பிடித்து வந்து அந்தப் படியேறிப் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலர்.

பெரிய வீடு இன்று இல்லை. அது நின்ற தோட்டம் கொழும்பு 3இல் காணிக் காணியாக வெட்டுப்பட்டு, தூதரகம், கிளினிக், உணவகம், மாடிக் குடியிருப்பு என்று மாறிவிட்டது. பெயர்கள் மட்டும் தெருப் பலகைகளில்: அல்பிரட் பிளேஸ், அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ், அல்பிரட் ஹவுஸ் வீதி. முச்சக்கரவண்டிக்காரரிடம் யார் இந்த அல்பிரட் என்று கேட்டால் யாரோ வெள்ளைக்காரன் என்பார். பக்கத்திலேயே பகதலே வீதியும் ஓடுகிறது. விருந்து முடிந்ததும் தூக்கிப்போட்ட பழைய பெயர் இளவரசரின் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது.

டி சொய்சாவின் பெயரைத் தேட வேண்டுமானால் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். கண் ஆஸ்பத்திரிச் சந்தியில் சிலையாக நிற்கிறார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் டி சொய்சா மகளிர் ஆஸ்பத்திரி, 1879இல் அவர் தொடங்கிய அதே பிரசவ ஆஸ்பத்திரி. மழை நாளில் போனால் வாசலில் குடையும் கையுமாகத் தகப்பன்மார் நிற்பார்கள், கையில் சுடுதண்ணீர்ப் போத்தலும் எவர்சில்வர் சாப்பாட்டுக் கேரியரும் இருக்கும்.